வெட்பாலை தைலம் சொரியாசிஸுக்கு உண்மையிலேயே வேலை செய்யுமா? கரப்பானுக்கும் அதையே போடலாமா?

உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்க படிச்சாலும் புரியணும். அப்பாவுக்கு எட்டு வருஷமா சொரியாசிஸ், முழங்கை முழங்கால் தலைன்னு திட்டுத்திட்டா வெள்ளை செதில் உதிருது, ஸ்டீராய்டு ஆயின்மென்ட் போட்டா அடங்குது விட்டா திரும்ப வந்துடுது, சொந்தக்காரர் ஒருத்தர் வெட்பாலை தைலம் காய்ச்சி அனுப்பியிருக்கார், ஆயின்மென்ட்டை நிறுத்திட்டு இதை மட்டும் தடவலாமான்னு கேக்குறீங்க. கூடவே நாலு வயசு பையனுக்கு முழங்கை மடிப்புல கரப்பான், அதாவது எக்ஸிமா, அவனுக்கும் இதே எண்ணெய் போதுமான்னு கேட்டிருக்கீங்க.

அப்பாவுக்கு வெட்பாலை போட்டுப் பாக்கலாம், ஆனா ஆயின்மென்ட்டை ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. பையனுக்கு வெட்பாலை வேண்டாம், அவனுக்கு வேற வழி இருக்கு. இவ்வளவுதான் பதில். ஏன்னு தெரிஞ்சாத்தான் நீங்க சரியா பயன்படுத்துவீங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். நான் பார்மசி படிச்சவன், மூலிகை மருந்து தயாரிப்புல ரொம்ப வருஷம் இருந்திருக்கேன், இந்த விஷயத்துல ரெண்டு பக்கமும் ஆளுங்க தப்பா பேசுறதைக் கேட்டு மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஒரு பக்கம் "இலை தழையில என்ன இருக்கு, எல்லாம் நம்பிக்கை"ம்பாங்க, இன்னொரு பக்கம் "மூலிகை தானே, ஒண்ணும் பண்ணாது, தாராளமா போடு"ம்பாங்க. ரெண்டுமே தப்பு. வெட்பாலை இலைக்குள்ள நிஜமாவே மருந்து இருக்கு, மருந்து இருக்கிறதாலேயே அதை மருந்து மாதிரி பாத்துப் போடணும்.

தைலத்தோட நிறத்தைப் பாருங்க. நல்ல வெட்பாலை தைலம் ஊதா நிறத்துல இருக்கும், வெளிச்சத்துல பிடிச்சா செம்மை கலந்த ஊதா. பச்சை இலையைத்தான் தேங்காயெண்ணெயில போட்டு வெயில்ல வைக்கிறோம், ஊதா எங்கிருந்து வருது? அந்த இலையில நீலச் சாயத்தோட மூலப்பொருள் நிறமில்லாம இருக்கு. இலை கசங்கி காத்து பட்டதும் அது ஆக்சிஜனோட சேர்ந்து இண்டிகோவா மாறுது, கூடவே இண்டிருபின்னு ஒரு செவ்வூதா பொருளும் உண்டாகுது, டிரிப்டாந்த்ரின், ஐசாட்டின்னு இன்னும் சிலதும் வெட்பாலையில கண்டுபிடிச்சிருக்காங்க. அவுரி மாதிரியே இந்த மரத்து இலையில இருந்தும் ஒரு காலத்துல நீலச் சாயம் எடுத்திருக்காங்க. தைலத்துல தெரியுற அந்த நிறமே மருந்தோட ஒரு பகுதின்னு சொன்னா மிகையில்ல.

இதை எப்படி அவ்வளவு உறுதியா சொல்றேன்னா, இதே குடும்பத்துப் பொருளை தைவான்ல ஒழுங்கா சோதிச்சுப் பாத்திருக்காங்க. சீன மருத்துவத்துல சிங் டாய்னு ஒரு கருநீலப் பொடி இருக்கு, நீலச் சாயம் தர்ற செடிகளோட இலையை ஊறவச்சு எடுக்கிறது. யின் கு லின்ங்கிற தைவான் மருத்துவரும் அவங்க குழுவும் 2008ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 42 சொரியாசிஸ் நோயாளிங்க, ஒவ்வொருத்தர் உடம்புலயும் ஒரு திட்டுல சிங் டாய் களிம்பு, இன்னொரு திட்டுல மருந்தில்லாத வெறும் களிம்பு, 12 வாரம். மருந்து போட்ட திட்டு பரப்பளவுல 81 சதவீதம் குறைஞ்சுது, வெறும் களிம்பு போட்டது 26 சதவீதம். 42 பேர்ல 31 பேருக்கு மருந்து போட்ட இடம் முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ தெளிஞ்சுடுச்சு. ஒரே ஆளோட உடம்புலயே ஒப்பிட்டதால உணவு, கவலை, சீசன் எல்லாம் ரெண்டு திட்டுக்கும் ஒண்ணுதான், அதனால இந்த முடிவு எனக்கு ரொம்ப முக்கியமா படுது. வெறும் களிம்புக்கே 26 சதவீதம் குறைஞ்சுதே, அதையும் கவனிங்க, எண்ணெய்ப்பசை மட்டுமே செதிலை ஓரளவு அடக்கும். சொந்தக்காரர் தைலத்துல ரெண்டு வாரத்துல செதில் குறைஞ்சா அது இலையோட வேலையா தேங்காயெண்ணெயோட வேலையான்னு உடனே சொல்ல முடியாது, செதில் போயும் சிவப்பும் தடிப்பும் அப்படியே இருந்தா பெரும்பாலும் எண்ணெயோட வேலைதான்.

வெட்பாலைக்கே இவ்வளவு கறாரான ஆய்வு இருக்கான்னா, குறைவுதான். சென்னையில மத்திய அரசு சித்த ஆராய்ச்சி நிலையத்துல ஆராய்ஞ்சு 777 எண்ணெய்ங்கிற பேர்ல மருந்துக்கடைக்கு வந்தது இதே வெட்பாலையும் தேங்காயெண்ணெயும்தான், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, பல வருஷமா கொடுத்து வர்றாங்க, நிறைய பேருக்கு கேட்டும் இருக்கு. இருந்தாலும் தைவான் மாதிரி மருந்தில்லாத களிம்போட பக்கத்துல வச்சு ஒப்பிட்ட பெரிய ஆய்வு இதுக்கு வரணும்ங்கிறது என் ஆசை, நம்ம ஊர் மரத்துக்கு நாமதான் அதைச் செய்யணும்.

தோலுக்குள்ள என்ன நடக்குதுன்னா, சாதாரணமா தோலோட அடி செல் மேல வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும், சொரியாசிஸ்ல சில நாள்லயே வந்துடுது, முத்தாத செல் அடுக்கடுக்கா குவியறதுதான் அந்த செதில். பின்னாடி நோய் எதிர்ப்பு செல்கள் விடாம சிக்னல் அனுப்பிட்டே இருக்கு. தோல் செல்லுக்குள்ள ஏ.எச்.ஆர்னு ஒரு புரதம் இருக்கு, அது ஒரு ஸ்விட்ச் மாதிரி, சரியான பொருள் வந்து ஒட்டினா அழற்சி சிக்னல் குறையுது, தோலோட தடுப்புச்சுவரைக் கட்டுற புரதங்கள் கூடுது. இண்டிருபின் அந்த ஸ்விட்ச்ல நல்லா ஒட்டுற பொருள். சொரியாசிஸுக்கு நூறு வருஷத்துக்கு மேல போடுற நாத்தம் பிடிச்ச கோல் தாரும், அதாவது நிலக்கரித் தாரும், அதே ஸ்விட்ச் வழியாத்தான் வேலை செய்யுதுன்னு 2013ல நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கரப்பான் தோல்ல காட்டினாங்க. 2022 மே மாசம் அமெரிக்காவுல சொரியாசிஸுக்கு அனுமதி கிடைச்ச டாபினரோஃப் கிரீமும் இதே வழிதான், அது மண்புழு மாதிரி இருக்கிற குட்டிப் புழுவுக்குள்ள வாழுற ஒரு பாக்டீரியா கிட்ட இருந்து முதல்ல கண்டுபிடிச்ச பொருள். அதாவது வெட்பாலை இலை, நிலக்கரித் தார், பாக்டீரியா மூணும் போய் தொடுற இடம் ஒண்ணாத்தான் தெரியுது. "மூலிகையில என்ன இருக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான்.

இப்ப அப்பா விஷயம். கையில இருக்கிற தைலம் உண்மையிலேயே வெட்பாலைதானான்னு முதல்ல பாருங்க. பாலைன்னு பேர் வர்ற மரங்கள் நிறைய இருக்கு, குடசப்பாலையையும் வெட்பாலையையும் குழப்பிக்கிறவங்க நிறைய பேர். வெட்பாலையில இலைங்க எதிரெதிரா ஜோடியா இருக்கும், கிள்ளினா பால் வரும், வெள்ளைப் பூ கொத்தா பூக்கும், காய் நீளமா ரெட்டையா தொங்கும், நுனியில ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்த ஒட்டின நுனிதான் நல்ல அடையாளம். அரளியும் இதே குடும்பம்தான், அது விஷம், அதனால மரம் தெரியாதவங்க பறிச்ச இலையை நம்பாதீங்க. நீங்களே செய்யணும்னா, இலையைக் கழுவித் துடைச்சு ஈரம் துளியும் இல்லாம நிழல்ல உலரவிட்டு, கையால கிள்ளிப் போட்டு, இலை மூழ்குற அளவு சுத்தமான தேங்காயெண்ணெய் ஊத்தி, கண்ணாடிப் பாத்திரத்துல ஒரு வாரம் போல வெயில்ல வச்சு, ஊதா நல்லா இறங்கினதும் வடிகட்டிக்கணும். கத்தியால நறுக்கக் கூடாதுன்னு சித்த மருத்துவர்கள் சொல்வாங்க. ஈரம் இருந்தா பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடிச்ச எண்ணெயை வெடிச்ச தோல்ல தடவுறது பெரிய தப்பு, வாடை மாறினா யோசிக்காம கொட்டிடுங்க.

போடுறதுக்கு முன்னாடி முன்கை உள்பக்கம் நல்ல தோல்ல ஒரு ரூபா காசு அளவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னு ஒரு வாரம் தடவிப் பாருங்க. அரிப்பு, சிவப்பு, கொப்புளம் வந்தா அவருக்கு இது ஆகாது. சொரியாசிஸ் இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா அவங்க தோல் எங்க புண்பட்டாலும் அந்த இடத்துல புதுத் திட்டு கிளம்பலாம், டாக்டர்கள் இதை கோப்னர் விளைவுன்னு சொல்வாங்க. இதனாலேயே எருக்கம்பால், பச்சைப் பூண்டு, சேராங்கொட்டை இதெல்லாம் படைக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா கிட்டயே சேர்க்காதீங்க, தோல் வெந்து போகும், வெந்த இடம் பூரா நோய் பரவும். சேராங்கொட்டையை சுத்தி பண்ணித் தேர்ந்த சித்த மருத்துவர் கொடுக்கிறது வேற, வீட்ல உடைச்சுத் தடவுறது வேற.

ஒத்துக்கிச்சுன்னா இப்படிச் செய்யுங்க. வலது முழங்கையில வெட்பாலை, இடது முழங்கையில வெறும் தேங்காயெண்ணெய், தினம் ரெண்டு வேளை, குளிச்சு செதில் ஊறின பிறகு. முதல் நாள் ரெண்டு கையையும் போட்டோ எடுங்க, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே ஜன்னல் பக்கத்துல அதே வெளிச்சத்துல எடுங்க. 12 வாரம் கழிச்சுப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சுடும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. தைவான்ல செஞ்ச அதே முறைதான் இது. பத்து நாள் தடவிட்டுக் கேக்கலன்னு விடுறதும், பத்து நாள்ல அதிசயம்னு ஊருக்கே சொல்றதும் வேண்டாம். தலையில போட்டா ராத்திரி தடவி காலையில அலசிடுங்க, தலையணை உறை ஊதா ஆகும், பழைய துணி விரிச்சுக்கோங்க. முகம், தொடை இடுக்கு, அக்குள் இங்கெல்லாம் தோல் மெல்லிசு, அங்க டாக்டரைக் கேக்காம வேண்டாம். தடவிட்டு வெயில்ல நிக்கச் சொல்வாங்க, இளங்காலை வெயில் கொஞ்ச நேரம் சொரியாசிஸுக்கு நல்லதுதான், தோல் சிவக்குற அளவு நிக்கக் கூடாது.

ஸ்டீராய்டு விஷயத்துல கெஞ்சிக் கேட்டுக்கறேன். எட்டு வருஷமா வீரியமான ஆயின்மென்ட், பெரும்பாலும் குளோபிட்டசால் மாதிரி ஏதாவது இருக்கும், அதைத் திடீர்னு நிறுத்தினா அடங்கியிருந்ததெல்லாம் முன்னை விட மோசமா பொங்கி வரும், சிலருக்கு சீழ் கொப்புளமா மாறும், உடம்பு முழுக்கச் சிவந்து ஆஸ்பத்திரியில சேர்க்குற நிலைமை கூட வந்திருக்கு. அப்ப பழி வெட்பாலை மேல விழும், அது பாவம். டாக்டர் கிட்ட "இதைக் குறைச்சுக்கணும்னு ஆசைப்படறோம், எப்படிக் குறைக்கிறது"ன்னு நேரா கேளுங்க, தினமும் போடுறதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள்னு படிப்படியா இறக்கிக் கொடுப்பாங்க. இந்தியாவுல 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை 2018ல சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கொண்டு வந்தாங்க, ஆனாலும் கடையில கேட்டா கொடுத்துடறாங்க, நாமளும் வாங்கிடறோம். அப்பா வருஷக்கணக்கா டாக்டரைப் பாக்காம அதே பழைய சீட்டுல வாங்கிட்டு இருந்தா, அந்தத் திட்டுங்க சொரியாசிஸ்தானான்னு ஒரு தடவை உறுதி பண்றது நல்லது, படர்தாமரை மேல ஸ்டீராய்டு பட்டா அதோட உருவமே மாறி சொரியாசிஸ் மாதிரியும் கரப்பான் மாதிரியும் தெரியும்.

அதே மாதிரி "நூறு சதவீதம் மூலிகை, ஸ்டீராய்டு கிடையாது"ன்னு பேர் ஊர் இல்லாத டப்பாவுல வர்ற கிரீம் மூணு நாள்ல படையைத் துடைச்சு எடுத்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. லண்டன்ல 1999ல 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதிச்சதுல 8ல டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு இருந்துச்சு. பர்மிங்ஹாம்ல 2003ல குழந்தைங்களுக்குக் கரப்பானுக்குப் போட்ட 24 மூலிகைக் களிம்புகள்ல 20ல ஸ்டீராய்டு. பெத்தவங்க அதெல்லாம் பச்சிலைன்னு நம்பி பச்சைக் குழந்தை முகத்துல தடவியிருக்காங்க, அதை நினைச்சா இப்பவும் கோபம்தான் வருது. உண்மையான மூலிகைப் பூச்சு எதுவும் மூணு நாள்ல வேலை செய்யாது, வாரக்கணக்கு ஆகும்.

மத்த செடிங்களைப் பத்தியும் கேள்வி வரும், அதனால கொஞ்சம். கத்தாழை எல்லாரும் சொல்வாங்க, அதுல ஆய்வு முடிவுகளே ஒண்ணுக்கொண்ணு முரண். 1996ல பாகிஸ்தான்ல 60 பேர் கிட்ட செஞ்ச ஆய்வுல கத்தாழை கிரீம் போட்டவங்கள்ல 83 சதவீதம் பேருக்குக் குணம்னு வந்துச்சு, 2005ல டென்மார்க்ல 41 பேர் கிட்ட செஞ்சப்ப வெறும் ஜெல்லே கத்தாழையை விட நல்லா வேலை செஞ்சுச்சு. குளிர்ச்சிக்கு வேணும்னா தடவிக்கலாம், அதை நம்பி மருந்தை விடாதீங்க. கார்போக அரிசி வேற ரகம், அதுல சோராலன் இருக்கு, அது தோலை வெயிலுக்கு ரொம்ப கூசச் செய்யும். புற ஊதாக் கதிரோட சேர்த்து சோராலன் கொடுக்கிற பூவா சிகிச்சை 1974ல சொரியாசிஸுக்கு வந்ததே அந்தக் குணத்தை வச்சுத்தான், ஆனா அங்க கதிரை அளந்து கொடுக்கிறாங்க. வீட்ல கார்போக அரிசியை அரைச்சுத் தடவிட்டு மதிய வெயில்ல போனா கொப்புளம் நிச்சயம். எழுபது எண்பது வருஷம் முன்னாடி டாக்டர்கள் தைரியமா நம்பின டித்ரனால் மருந்தோட மூலம் கூட ஒரு மரத்துல இருந்து எடுத்த பொடிதான், பிரேசில் மரம், கோவா வழியா வந்ததால கோவா பவுடர்னு பேரு, படர்தாமரைக்குப் போட்டது சொரியாசிஸுக்கும் கேக்குதுன்னு 1876ல லண்டன்ல பால்மன்னோ ஸ்குவையர் எழுதினார், அதை வச்சுத்தான் பின்னாடி ஜெர்மனியில டித்ரனால் செஞ்சாங்க. அதுவும் தோலையும் துணியையும் கறையாக்கும், அளவு தப்பினா எரிக்கும்.

சிங் டாய் விஷயத்துல இன்னொண்ணு. குடல் நோய்க்கு அதை உள்ளுக்குச் சாப்பிட்ட ஜப்பான்காரங்க சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் கூடி, 2016ல அந்த நாட்டு சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட்டுச்சு. மேலே தடவுறதுக்கும் உள்ளுக்குச் சாப்பிடுறதுக்கும் அவ்வளவு வித்தியாசம். வெட்பாலை இலையை அரைச்சுக் குடிச்சா சீக்கிரம் குணமாகும்னு யாராவது சொன்னா, தேர்ந்த சித்த மருத்துவர் நேரா பாத்துக் கொடுத்தாலொழிய வேண்டாம்.

பையனுக்கு வர்றேன். கரப்பான்ல அடிப்படைப் பிரச்சனை தோலோட தடுப்புச்சுவர் ஓட்டையா இருக்கிறது, ஈரம் வெளிய போயிடும், அழுக்கும் அலர்ஜிப் பொருளும் கிருமியும் உள்ள வந்துடும். அவனுக்கு முதல் மருந்து ஈரத்தைக் காக்கிறதுதான். இங்க தேங்காயெண்ணெய்க்கு நல்ல ஆதாரமே இருக்கு, பிலிப்பைன்ஸ்ல 2014ல 117 குழந்தைங்க கிட்ட 8 வாரம் ஒப்பிட்டாங்க, செக்குல ஆட்டின மாதிரி சூடாக்காத தேங்காயெண்ணெய் தடவினவங்களுக்கு கரப்பான் மதிப்பெண் 68 சதவீதம் குறைஞ்சுது, மினரல் ஆயில் தடவினவங்களுக்கு 38 சதவீதம். குளிச்சு மூணு நிமிஷத்துக்குள்ள, தோல் ஈரமா இருக்கும்போதே தடவணும். ஆலிவ் எண்ணெய் விலை கூடன்னு நல்லதுன்னு நினைக்காதீங்க, அது தோலோட மேல் அடுக்கைப் பலவீனப்படுத்துதுன்னு 2013ல இங்கிலாந்துல பாத்திருக்காங்க, கடுகெண்ணெயும் வேண்டாம். சித்தத்துல அருகன் தைலம் இருக்கு, அருகம்புல் சாறும் அதிமதுரமும் தேங்காயெண்ணெயில காய்ச்சுறது, நாலு வயசுக்குத் தடவணும்னா பதிவு பெற்ற சித்த மருத்துவர் பாத்துச் சொல்லட்டும். வெட்பாலை ஏன் வேண்டாம்னா, குழந்தை தோல் அதிகமா உறிஞ்சும், அந்த வயசுக்கு அளவு யாரும் ஒழுங்கா பாக்கல, அவ்வளவுதான்.

அவனுக்குப் புண்பட்ட தோல்ல சாப்பாட்டுப் பொருள் எதையும் தேய்க்காதீங்க, கடலை மாவு, பாலாடை, கடலெண்ணெய், கோதுமை மாவு எதுவும். நலங்கு மாவு கூட தோல் ஆறுற வரைக்கும் தள்ளி வைங்க. வாய் வழியா போனா உடம்பு பழகிக்கிற பொருள், உடைஞ்ச தோல் வழியா போனா எதிரியா பதிவாகுது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த கிரீம் தடவின குழந்தைங்களுக்கு வேர்க்கடலை அலர்ஜி வர்ற வாய்ப்பு கூடுதுன்னு 2003ல இங்கிலாந்துல பாத்தாங்க, ஜப்பான்ல கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பு போட்டு 2000 பேருக்கு மேல கோதுமையே சாப்பிட முடியாம போச்சு. பாட்டி ஆசையா செய்றாங்கன்னு விட்டுடாதீங்க, மெதுவா எடுத்துச் சொல்லுங்க. தேங்காயெண்ணெய்க்கு அடங்காம அரிச்சு ரத்தம் வந்தா, மஞ்சளா நீர் வடிஞ்சா, காய்ச்சல் இருந்தா குழந்தை டாக்டர் கிட்ட போங்க, அவங்க கொஞ்ச நாளைக்கு லேசான ஸ்டீராய்டு கொடுத்தா பயப்படாம போடுங்க, சரியான இடத்துல சரியான நாள் போட்டா அது நல்ல மருந்துதான்.

அப்பாவுக்கு காலையில எழுந்ததும் விரல் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல விறைச்சு இருக்கா, குதிகால் வலிக்குதா, நகத்துல குழி குழியா இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க. சொரியாசிஸ் இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு மூட்டுக்கும் பரவும், அதுக்கு எந்தத் தைலமும் பத்தாது, மூட்டு திரும்பாத அளவு கெடுறதுக்குள்ள மாத்திரையோ ஊசியோ ஆரம்பிக்கணும். டாக்டர் கிட்ட போகும்போது ஆயின்மென்ட் டியூபோட அந்த ஊதா தைலம் பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க, மறைக்காதீங்க. திட்டினா திட்டட்டும், ரெண்டையும் பாத்தாத்தான் எதை எப்பக் குறைக்கணும்னு அவரால சொல்ல முடியும். ரெண்டையும் ஒரே வேளையில ஒண்ணு மேல ஒண்ணு பூசாம, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பிரிச்சுக்கலாமான்னும் அப்பவே கேட்டுக்கோங்க.